வங்கியின் சொத்து, பொறுப்புகளுக்கு நியாய மதிப்பு போடுவது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

ஆண்டு முடிவு வேலைக்குப் புதிதாக வரும் ஆர்டிகிள் பிள்ளைகள் (பட்டயக் கணக்காளர் அலுவலகப் பயிற்சியாளர்கள்) எக்செல்லைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி, “சார், எந்த ரேட் போடணும்?” என்பதுதான். பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி விகிதத்தைத்தான் ரேட் என்கிறார்கள். அந்தக் கேள்வி உண்மையில் ஆறாவது. முன்னால் உள்ள ஐந்தையும் தாண்டிக் குதித்துவிட்டு ரேட்டை மட்டும் நான்கு தசமம் வரை துல்லியமாகப் போடுவதால் ஒரு பயனும் இல்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வங்கி, நிதி நிறுவனக் கணக்குகளில் முதல்முறை இந்த வேலைக்கு உட்காருகிறவர்களுக்காக, எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே வழுக்கும் என்று கீழே எழுதியிருக்கிறேன். வட்டிக் கணக்கும் கொஞ்சம் எக்செல்லும் தெரிந்தால் போதும்.

1. எந்த விதிக்காக, எந்தத் தேதிக்கு என்று முதலில் எழுதிவையுங்கள்

நியாய மதிப்பு என்பது, குறிப்பிட்ட தேதியில், நெருக்கடி எதுவும் இல்லாத சாதாரணப் பரிமாற்றத்தில் ஒரு சொத்தை விற்றால் கிடைக்கும் விலை. பொறுப்பாக இருந்தால், அதை இன்னொருவர் தலையில் மாற்றிவிட நாம் கொடுக்க வேண்டிய விலை. இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 113 சொல்வது இதைத்தான். “நாங்க இந்தக் கடனை விக்கப் போறதே இல்லையே” என்று கிளை மேலாளர் சொல்வார். விற்பீர்களா என்று யாரும் கேட்கவில்லை, விற்றால் என்ன விலை போகும் என்பதே கேள்வி.

விதி ஏன் முதலில் தெரிய வேண்டும் என்றால், யாருக்கு வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்து எதற்கெல்லாம் மதிப்பு போட வேண்டும் என்பதே மாறிவிடும். ₹500 கோடியோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள வங்கி சாரா நிதி நிறுவனங்கள் 2018 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏஎஸ் முறையில் கணக்கு வைக்கின்றன; அங்கே கொடுத்த கடனுக்கும் வாங்கிய கடனுக்கும் சேர்த்து, கணக்கறிக்கையின் குறிப்பில் நியாய மதிப்பு காட்ட வேண்டும். வணிக வங்கிகளுக்கு இண்ட் ஏஎஸ்ஸை ஆர்பிஐ 2019 மார்ச்சில் மறு அறிவிப்பு வரை தள்ளிவைத்தது. ஆனால் முதலீடுகளுக்கு மட்டும் 2023 செப்டம்பர் 12-ல் புது வழிகாட்டல் வந்து, 2024 ஏப்ரல் 1 முதல் எச்டிஎம் (முதிர்வு வரை வைத்திருப்பது), ஏஎஃப்எஸ் (விற்பனைக்குத் தயாராக உள்ளது), எஃப்விடிபிஎல் (நியாய மதிப்பு மாற்றம் லாப நட்டக் கணக்குக்குப் போவது) என்ற மூன்று பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. கூட்டுறவு வங்கிக்கு விதி தனி. அதனால் ஷீட்டின் முதல் வரியிலேயே விதியின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. 2024 மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை, 29 புனித வெள்ளி. இப்படி வரும் ஆண்டில் சந்தை விலை கடைசி வேலைநாளுக்குரியதாக இருக்கும், கடன் நிலுவையோ 31-ஆம் தேதிக்குரியதாக இருக்கும். அதில் தப்பில்லை. எந்த விலை எந்த நாளுக்கானது என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு, ஏனென்றால் அடுத்த ஆண்டு அதே ஷீட்டை எடுப்பவர் ஏப்ரல் முதல் வார விலையைக் கூசாமல் போட்டுவிடுவார்.

2. டேட்டாவை வாங்கி, ஜிஎல்லோடு (பொதுப் பேரேட்டோடு) ஒத்துப் பாருங்கள்

கணக்குவாரியாக வேண்டியவை: நிலுவை அசல், வட்டி விகிதம், நிலையானதா மாறுவதா, மாறுவதென்றால் அடுத்த மாற்றத் தேதி, முதிர்வுத் தேதி, தவணை முறை, எத்தனை நாள் பாக்கி, ஈடு என்ன, எந்தத் திட்டக் குறியீடு. திட்டக் குறியீட்டை மறந்துவிடாதீர்கள், அடுத்த படி முழுவதும் அதை வைத்துத்தான் நடக்கும்.

வந்த டேட்டாவின் மொத்தத்தை ஜிஎல்லிலிருந்து எடுத்த ட்ரையல் பேலன்ஸோடு (இருப்பாய்வோடு) ஒப்பிடாமல் ஒரு கணக்கும் போடாதீர்கள். வித்தியாசம் இருந்தால் அது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நகர வேண்டும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மதிப்பில் வரும் மாற்றமும் டேட்டா ஓட்டையும் ஒன்றோடொன்று கலந்து, எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

இந்தப் படியில் பெரும்பாலோர் தவறவிடுவது, சேர்ந்திருக்கும் வட்டியை. வங்கி பேலன்ஸ் ஷீட்டில் கடன் நிலுவை ஒரு அட்டவணையில் இருக்கும், அதன்மேல் சேர்ந்து இன்னும் கெடு வராத வட்டி ‘பிற சொத்துகள்’ அட்டவணையில் தனியாக உட்கார்ந்திருக்கும். டெபாசிட்டுக்குச் சேர்ந்த வட்டியும் அப்படித்தான், ‘பிற பொறுப்புகள்’ பக்கம் போய்விடும். நீங்கள் கணக்கிடும் இன்றைய மதிப்பிலோ வரப்போகும் முழு வட்டியும் அடக்கம். அதை வெறும் அசலோடு ஒப்பிட்டால், லாபம் வந்ததுபோல் ஒரு தொகை தெரியும். அது சேர்ந்த வட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒப்பிடும் புத்தக மதிப்பில் அந்த வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. குழுவாகப் பிரியுங்கள், ஆனால் கலக்காதீர்கள்

ஒரு நடுத்தர வங்கியிலேயே லட்சக்கணக்கில் கணக்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ரேட் தேட முடியாது. ஒரே மாதிரி பணம் வரக்கூடிய, ஒரே மாதிரி அபாயம் உள்ள கணக்குகளை ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும்.

பிரிக்கும் வரிசை: முதலில் கடன் வகை, அடுத்து நிலையான வட்டியா மாறும் வட்டியா, பிறகு மீதிக் காலம், கடைசியாக பாக்கி நாட்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பயிர்க்கடனும் கப்பலூர் சிட்கோ தொழிற்கூடத்துக்குக் கொடுத்த இயந்திரக் கடனும் ஒரே வட்டி விகிதத்தில் இருக்கலாம், அதற்காக ஒரே குழுவில் போட முடியாது. முன்னது அறுவடையை நம்பி ஒரே தடவையில் வரும், பின்னது மாதத் தவணை.

மாறும் வட்டிக் கடன்களைத் தனியே எடுத்துவைத்தால் வேலை பாதியாகக் குறையும். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டிச் சில்லறைக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ஆர்பிஐ கடன் கொடுக்கும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டு, குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி அமைக்கப்பட வேண்டும். வட்டி சந்தையோடு கூடவே நகர்வதால் புத்தக மதிப்பே நியாய மதிப்புக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விடக் கூடாது: கடன் வாங்கியவரின் நிலை மோசமாகி, 60 நாள் பாக்கியைத் தாண்டியிருந்தால், ரெப்போ மாறினாலும் மாறாவிட்டாலும் அந்தக் கடனை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள்.

பணியாளர் கடனைத் தனிக் குழுவாக வையுங்கள். சலுகை வட்டியில் கொடுத்தது என்பதால் சந்தை விலை புத்தகத்தைவிடக் குறைவாகத்தான் வரும், வீட்டுக்கடன் குழுவில் கலந்தால் அது தெரியாமலே போய்விடும்.

4. சந்தை விலை உள்ளவற்றை முதலில் முடியுங்கள்

சொந்தக் கணிப்புக்கு இடமில்லாதவற்றை முன்னால் முடித்தால் மீதி வேலையின் அளவு தெரிந்துவிடும். பங்குச் சந்தையில் வியாபாரமாகும் பங்குக்கு அன்றைய முடிவு விலை. மத்திய அரசுப் பத்திரத்துக்கும் மாநில அரசுப் பத்திரத்துக்கும் எஃப்பிஐஎல் என்ற அளவுகோல் நிறுவனம் வெளியிடும் விலை. நிறுவனப் பத்திரம் சரியாக வியாபாரமாகவில்லை என்றால், அதே கால அரசுப் பத்திர ஈட்டு விகிதத்தோடு (இன்றைய விலைக்கு வாங்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் ஆதாயத்தோடு), தரமதிப்பீட்டுக்கு ஏற்ற கூடுதலைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பத்திர விலையைப் போடும்போது நாள் கணக்கைக் கவனியுங்கள். நம் அரசுப் பத்திரங்களுக்கு மாதம் 30, ஆண்டு 360 நாள் என்ற கணக்கு. ஓராண்டுக்குள் முதிரும் கருவூல உண்டியலுக்கு உண்மையான நாட்கள், 365. அரசுப் பத்திரத்தின் வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை. 7% கூப்பன் (பத்திரம் தரும் வட்டி), சரியாக 3 ஆண்டு மீதி, சந்தை ஈட்டு விகிதம் 6.60% என்று வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டுக்கு 3.30% வீதம் ஆறு தவணையைக் கழித்தால் (அதாவது இன்றைய மதிப்புக்குக் குறைத்தால்) ₹100 முகமதிப்புக்கு ₹101.07 வரும். கூப்பனுக்கு நடுவில் உள்ள தேதி என்றால், கணக்கில் வரும் விலையில் சேர்ந்த வட்டியும் இருக்கும். வெளியிடப்படும் விலையில் அது இருக்காது. இரண்டையும் குழப்பி வட்டியை இரண்டு முறை கூட்டிவிடுவது வழக்கமான பிழை.

பட்டியலில் இல்லாத நிறுவனப் பங்கு இருந்தால், 18 மாதத்துக்கு மேல் பழையதாகாத தணிக்கை செய்த பேலன்ஸ் ஷீட்டை வைத்து, மறுமதிப்பீட்டு இருப்பை (சொத்து விலையை ஏட்டில் ஏற்றியதால் வந்த தொகையை) நீக்கி, ஒரு பங்கின் மதிப்பைக் காண வேண்டும். அப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் இல்லையா, அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குக்கும் சேர்த்து ₹1. வாதாட இடமே இல்லை.

எச்டிஎம் பிரிவு, வாங்கிய விலைக்கும் முகமதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை முதிர்வு வரை பிரித்து எழுதும் முறையிலேயே இருக்கும், சந்தை விலை மாற்றம் லாப நட்டக் கணக்கைத் தொடாது. அதற்காக அதன் நியாய மதிப்பைக் கணக்கிடாமல் விட்டுவிடாதீர்கள், குறிப்பில் காட்டத் தேவைப்படும்.

5. கடனிலிருந்து எப்போது எவ்வளவு வரும் என்று எழுதுங்கள்

வேலையின் நெஞ்சுப்பகுதி இது. ஒவ்வொரு குழுவுக்கும் மாதவாரியாக அசலும் வட்டியும் எப்போது வரும் என்று ஒரு அட்டவணை போட வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள தவணை அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அது தொடக்கம்தான்.

முன்கூட்டியே கட்டுவதை அடுத்துப் பாருங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே முடிக்க வங்கி கட்டணம் வாங்க முடியாது. இருபது ஆண்டுக் கடன் என்று ஏட்டில் இருப்பது நடைமுறையில் இருபது ஆண்டு ஓடுவது அரிது. நிலையான வட்டிக் கடனிலும் சந்தை வட்டி இறங்கினால் நல்ல வாடிக்கையாளர் வேறு வங்கிக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார். அதனால் வட்டி இறங்கும்போது உங்கள் கணக்கில் கடன் மதிப்பு புத்தகத்தைவிட 8%, 10% என்று ஏறித் தெரிந்தால், முன்கூட்டிக் கட்டுவதை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சென்ற மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தத் திட்டக் குறியீட்டில் எத்தனை சதவீதம் முன்கூட்டியே முடிந்தது என்ற கணக்கை கோர் பேங்கிங் அமைப்பிலிருந்து எடுக்கலாம். ஊகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பயிர்க்கடனில் அரசு தரும் வட்டி மானியமும் வங்கிக்கு வரும் பணம்தான், விவசாயி கட்டுவதை மட்டும் எழுதினால் மதிப்பு செயற்கையாகக் குறையும். ஆனால் அந்த மானியம் ‘வர வேண்டியது’ என்று ஏற்கெனவே வேறு கணக்கில் ஏறியிருந்தால் மறுபடி சேர்க்காதீர்கள்.

அப்புறம், எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று: தள்ளுபடி எதிர்பார்ப்பு. 2021-ல் தமிழகக் கூட்டுறவுப் பயிர்க்கடன் ₹12,110 கோடிக்குத் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது, கூட்டுறவு நகைக்கடனும் தகுதி உள்ளவர்களுக்கு 5 பவுன் வரை தள்ளுபடியானது. அரசு கொடுத்துவிட்டால் கடன் தொகை வங்கிக்கு வந்துவிடும், ஆனால் எப்போது வரும் என்பது மாறிவிடும். தேர்தல் நெருங்கும் ஆண்டில் கூட்டுறவுக் கடன் குழுவின் வரவைச் சில மாதங்கள் தள்ளிப் போடுவது என் பார்வையில் நியாயமே, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவைத்தால்.

6. இப்போதுதான் ரேட்

பயன்படுத்தக் கூடாத மூன்று ரேட்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகிறது.

கடன் கொடுத்தபோது இருந்த வட்டி: அதை வைத்துக் கழித்தால் எப்போதும் புத்தக மதிப்பே திரும்ப வரும். கணக்கு அழகாக ஒத்துப் போகிறதே என்று மகிழ வேண்டாம், நீங்கள் எதையும் மதிப்பிடவில்லை. கடன் தொகுப்பின் சராசரி வட்டியைப் போட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மூன்றாவது, வங்கியின் டெபாசிட் செலவு: 6% செலவில் பணம் திரட்டுகிறோம் என்று 6%-ல் கழித்தால் கடன் மதிப்பு வீங்கிவிடும், கடன் திரும்பாமல் போகும் அபாயத்துக்கு அதில் ஒரு பைசாகூட இல்லை.

வேண்டியது, மதிப்பீட்டுத் தேதியன்று, அதே மாதிரி ஆளுக்கு, அதே மீதிக் காலத்துக்கு, அதே மாதிரி ஈட்டின்மேல் சந்தையில் கேட்கப்படும் வட்டி. ‘மீதிக் காலம்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: ஏழாண்டுக் கடனில் இரண்டாண்டு மீதி என்றால் இரண்டாண்டுக் கடனின் ரேட் வேண்டும். உங்கள் வங்கியே மார்ச்சில் கொடுத்த புதுக் கடன்களின் வட்டி நல்ல ஆதாரம், ஆனால் ஊரில் மற்ற வங்கிகள் கேட்பதோடு பொருந்துகிறதா பாருங்கள். நியாய மதிப்பு சந்தைக்காரர்களின் பார்வை, உங்கள் வங்கி மட்டும் வியாபாரம் பிடிக்க அரை சதவீதம் குறைத்துக் கொடுத்தால் சந்தை குறைந்துவிடாது. கடன் தொகுப்பு விற்பனை அந்தக் காலத்தில் நடந்திருந்தால் அந்த விலை இன்னும் வலுவான ஆதாரம்.

இப்படி ரேட் கிடைக்காத குழுவுக்கு, அதே காலத்து அரசுப் பத்திர ஈட்டு விகிதத்தில் தொடங்கி, எதிர்பார்க்கும் நட்டம், நட்டம் கூடலாம் என்ற நிச்சயமின்மை, எளிதில் விற்க முடியாமை, வசூல் செலவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டலாம்.

ஒரு விதி மட்டும் மறக்காதீர்கள். ஒப்பந்தப்படி வர வேண்டிய முழுத் தொகையை எழுதினால், நட்ட அபாயம் ரேட்டில் இருக்க வேண்டும். உண்மையில் வரும் என்று எதிர்பார்க்கும் குறைந்த தொகையை எழுதினால், அந்த எதிர்பார்த்த நட்டத்தை ரேட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். இரண்டிலும் சேர்த்தால் ஒரே நட்டத்துக்கு இரண்டு முறை அடி விழும்.

7. ஒரு கடனைக் கையால் போட்டுப் பாருங்கள்

எக்செல்லில் பத்தாயிரம் வரிக்கு இழுப்பதற்கு முன் ஒன்றைக் கையால் செய்யுங்கள். இயந்திரக் கடன், நிலையான 9% வட்டி, மீதி அசல் ₹30 லட்சம், ஆண்டு முடிவில் ₹10 லட்சம் வீதம் மூன்று தவணை. வரவு: முதல் ஆண்டு ₹12.7 லட்சம், இரண்டாவது ₹11.8 லட்சம், மூன்றாவது ₹10.9 லட்சம். இன்று இப்படிப்பட்ட கடனுக்கு 10.5% கேட்கிறார்கள்.

12.7-ஐ 1.105-ஆல் வகுத்தால் 11.49. 11.8-ஐ 1.105-இன் வர்க்கத்தால் வகுத்தால் 9.66. 10.9-ஐ அதன் கனத்தால் வகுத்தால் 8.08. மூன்றும் சேர்ந்து சுமார் ₹29.24 லட்சம். புத்தகத்தைவிட ₹76,000-க்குச் சற்று மேல் குறைவு. வட்டி ஏறினால் பழைய குறைந்த வட்டிக் கடனின் மதிப்பு இறங்கும் என்பதால் திசை சரி. கடைசி இலக்கத்தைவிடத் திசையை முதலில் சரிபாருங்கள்.

எக்செல்லில் இரண்டு பொறி உண்டு. இன்றைய மதிப்பு போடும் என்பிவி (NPV) சார்பு, முதல் தொகை ஒரு காலம் கழித்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸ்என்பிவி (XNPV) தேதிவாரியாகக் கழிக்கும், ஆனால் அது கேட்பது ஆண்டு முழுமைக்குமான கூட்டு விகிதம். மாதத் தவணைக் கடனுக்கு வங்கி சொல்லும் 9% அங்கே 9.38% ஆகிறது. 9 என்றே போட்டால் கடன் சற்றே விலையேறித் தெரியும். ஒரு கணக்கில் சில நூறு, தொகுப்பில் கோடிக்கணக்கு.

8. நகைக்கடன்

மதுரை ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் தங்க விலை ஏறியதைப் பார்த்துவிட்டு, நகைக்கடனின் நியாய மதிப்பும் ஏறியிருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஏறாது. நகை கடன்காரருடையது. ஏலம் போனாலும் அசல், வட்டி, செலவு போக மீதியை அவரிடமே கொடுத்தாக வேண்டும். வங்கிக்கு வரக்கூடியது அதிகபட்சம் அசலும் வட்டியும்தான். தங்க விலை ஏறுவது நட்ட அபாயத்தைக் குறைக்கும், அதனால் ரேட்டில் சேர்க்கும் கூடுதல் கொஞ்சம் குறையலாம், அவ்வளவே.

விலை இறங்கும்போது விஷயம் வேறு. 2025 ஜூனில் ஆர்பிஐ வெளியிட்ட விதிப்படி நுகர்வுத் தேவைக்கான நகைக்கடனில், மொத்தக் கடன் ₹2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85%, அதற்கு மேல் ₹5 லட்சம் வரை 80%, அதற்கும் மேல் 75% வரை கொடுக்கலாம். 85%-ல் கொடுத்த குழுவுக்கு இடைவெளி குறைவு, ஆகவே இந்த மூன்று அடுக்கையும் ஒரே குழுவாக்காதீர்கள்.

கணக்கு எளிது. ₹2,00,000, ஓராண்டு, 10% தனிவட்டி, எல்லாம் கடைசியில் ஒரே தடவை, ஆறு மாதம் முடிந்திருக்கிறது. புத்தகத்தில் சேர்ந்த வட்டியோடு ₹2,10,000. முடிவில் வருவது ₹2,20,000. ரேட் மாறாமல் 10%-லேயே ஆறு மாதத்துக்குக் கழித்தால் ₹2,09,524. ரேட்டே மாறவில்லை, ₹476 எங்கே போனது என்று திகைக்க வேண்டாம். சேர்ந்த ₹10,000 வட்டிக்கு அடுத்த ஆறு மாதம் வட்டி கிடையாது, அதுதான் அந்த வித்தியாசம். குறுகிய காலம் என்பதால் பெரும்பாலும் புத்தக மதிப்பையே வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள். சரி, ஆனால் ஒரு தடவை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள்.

9. வாராக்கடன்

இங்கே நடக்கும் குறுக்குவழி: நிலுவையிலிருந்து ஒதுக்கீட்டை (நட்டத்துக்கென எடுத்துவைத்த தொகையை) கழித்து, மிஞ்சியதை நியாய மதிப்பு என்று எழுதிவிடுவது. ₹50 லட்சம் நிலுவை, ஈடு உள்ள, தரம் குறைந்த பிரிவுக் கடன், 15% ஒதுக்கீடு; மீதி ₹42.5 லட்சம். ஒதுக்கீடு விதிப்படி வைப்பது, வாங்குபவர் அதைப் பார்த்து விலை சொல்வதில்லை.

வாங்குபவர் கேட்பது வேறு. மதுரை அண்ணா நகரில் ஈடாக உள்ள கட்டடம் சர்ஃபேசி ஏலத்தில் (ஈட்டை வங்கியே கைப்பற்றி விற்கச் சட்டம் தரும் வழி) எவ்வளவு போகும், எப்போது போகும், அதுவரை செலவு எவ்வளவு. ₹40 லட்சத்துக்கு இரண்டு ஆண்டில் போகும், செலவு ₹2 லட்சம், வாங்குபவர் எதிர்பார்க்கும் ஆதாயம் 16% என்றால், ₹38 லட்சத்தை 1.3456-ஆல் வகுத்து ₹28.24 லட்சம். 42.5-க்கும் 28.24-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மதிப்பீட்டாளர் அறிக்கையில் உள்ள சந்தை விலையை ஏல விலையாக எடுத்துக்கொள்வதும், வழக்கு இழுக்கும் காலத்தை ஒரு வருடம் என்று நம்பிக்கையோடு போடுவதும்தான் இங்கே மதிப்பை ஏற்றிவிடும் இரண்டு விஷயங்கள். அந்த வங்கியின் பழைய ஏலங்களில் எவ்வளவு காலம் ஆனது என்று வசூல் பிரிவில் கேளுங்கள். பதில் கிடைக்கும், முகம் சுளித்துக்கொண்டே சொல்வார்கள்.

10. டெபாசிட்

பொறுப்புப் பக்கம் வந்தால் தலைகீழ் யோசனை வேண்டும். மதிப்பு ஏறினால் வங்கிக்கு நட்டம்.

சேமிப்பு, நடப்புக் கணக்குகளுக்கு விதி தெளிவு: கேட்டவுடன் கொடுக்க வேண்டிய தொகைக்குக் கீழே மதிப்பு போக முடியாது. “இந்தப் பணம் பத்து வருஷமா அசையவே இல்லை சார், கழிச்சுப் போடலாமே” என்பார்கள். கூடாது. அசையாத மலிவு டெபாசிட்டுக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு, முழு வங்கியை விலைபேசும்போது. நம்ம ஊர் பேங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தபோது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கிடைத்ததே, அந்த மாதிரிப் பேரத்தில் கிளைகளும் வாடிக்கையாளர்களும் சேர்ந்து விலையாகின்றன. இங்கே நீங்கள் மதிப்பிடுவது நிதிப் பொறுப்பை மட்டும்.

நிரந்தர வைப்புக்குக் கணக்கு உண்டு. ₹1,00,000, ஐந்து ஆண்டு, 7%, காலாண்டுக் கூட்டு. முதிர்வில் ₹1,41,478. மூன்று ஆண்டு முடிந்த நிலையில் புத்தகத்தில் வட்டியோடு ₹1,23,144. இன்று இரண்டாண்டு டெபாசிட்டுக்கு 6.25% தருகிறார்கள். எட்டுக் காலாண்டுக்குக் கழித்தால் ₹1,24,974. சுமார் ₹1,830 கூடுதல்: இன்று மலிவாகக் கிடைக்கும் பணத்துக்குப் பழைய உயர்ந்த வட்டியைக் கொடுத்துக்கொண்டிருப்பதன் விலை அது.

எந்த ரேட் என்று கேட்டால், தேதியன்று வங்கி அதே மீதிக் காலத்துக்குத் தரும் டெபாசிட் வட்டி. வங்கியின் சொந்த நம்பகத்தன்மை அதிலேயே அடங்கிவிடும், தனியாக எதையும் கூட்டத் தேவையில்லை. மூத்த குடிமக்களின் கூடுதல் வட்டிக்குத் தனிக் குழு வையுங்கள்.

இடையில் முறிக்கும் உரிமையையும் பாருங்கள். ₹1 கோடி வரையிலான தனிநபர் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் எடுக்க வழி இருந்தாக வேண்டும் என்பது 2023 அக்டோபர் முதல் உள்ள விதி. வட்டி ஏறினால் டெபாசிட்காரர் அபராதத்தைக் கட்டிவிட்டு உடைத்துப் புதிதாகப் போடுவார், ஆகவே அப்போது டெபாசிட் மதிப்பு பெரிதாக இறங்கிவிட்டதாக, அதாவது வங்கிக்கு லாபம் என்று, காட்டுவதை நம்பாதீர்கள். கடனில் முன்கூட்டிக் கட்டுவதன் மறுபக்கம் இது.

11. மிச்சம் மீதி

கையிருப்புப் பணம், ஆர்பிஐ இருப்பு, ஓரிரவுக் கடன்: புத்தக மதிப்பே. வங்கி வெளியிட்ட பத்திரங்களுக்கு சந்தை விலை, இல்லாவிட்டால் அதே தரத்துப் பத்திரத்தின் ஈட்டு விகிதம். அந்நியச் செலாவணி முன்பேர ஒப்பந்தங்களுக்கு (பின்னொரு தேதிக்கு முன்பே விலை பேசியவை) ஒப்பந்த விலையை மீதிக் காலத்துக்கான இன்றைய முன்பேர விலையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். வங்கி உத்தரவாதங்கள், எடுக்காமல் இருக்கும் கடன் வரம்புகள் பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது என்பதால் மறந்துபோகும். மீதிக் காலத்துக்கு இன்று அதற்கு என்ன கட்டணம் வாங்குவார்கள் என்று பாருங்கள். வருமான வரி முன்பணமும் கட்டடமும் நிதிச் சொத்து கிடையாது, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

12. சோதித்து, நிலை பிரித்து, கோப்பில் வையுங்கள்

ரேட் சரியா என்று அறிய ஒரு சோதனை போதும். மார்ச் கடைசி வாரத்தில் கொடுத்த புதுக் கடன்களை மட்டும் எடுத்து உங்கள் ஷீட்டில் ஓட்டுங்கள். கொடுத்த தொகைக்கு மிக அருகில் வர வேண்டும். ₹100-க்கு 97, 98 என்று வந்தால் ரேட் அதிகம், அல்லது வாங்கிய செயல்முறைக் கட்டணம் கணக்கில் சேரவில்லை. டெபாசிட்டுக்கும் இதையே செய்யுங்கள்.

அடுத்து, மூன்று நிலைகள். அதே பொருளுக்கு சந்தையில் நேரடி விலை இருந்தால் நிலை 1. பார்க்கக்கூடிய வட்டி விகிதங்களை வைத்துக் கணக்கிட்டது நிலை 2. நம் சொந்தக் கணிப்பு மதிப்பைக் கணிசமாக மாற்றும் என்றால் நிலை 3. வங்கிக் கடன்களில் பெரும்பகுதி மூன்றில்தான் விழும். அரசுப் பத்திர விகிதத்தில்தானே தொடங்கினோம் என்று இரண்டில் போடப் பார்ப்பார்கள். மேலே சேர்த்த கூடுதல் சொந்தக் கணிப்பு என்றால் அது மூன்றுதான். முதலீடுகளில் இது வெறும் குறிப்பு விஷயமும் இல்லை: நிலை 3-ல் வரும், இன்னும் கைக்கு வராத நிகர லாபத்திலிருந்து வங்கி ஈவுத்தொகை கொடுக்க முடியாது, அந்த லாபத்தை முதன்மை மூலதனத்திலிருந்தும் கழிக்க வேண்டும்.

கோப்பில் வைக்க வேண்டியவை: விலை, விகிதம் எடுத்த பக்கத்தின் தேதியிட்ட நகல், ஜிஎல் ஒப்பீடு, குழு பிரித்த விதம், முன்கூட்டிக் கட்டும் சதவீதம் எடுத்த அறிக்கை, கையால் போட்ட ஒரு கணக்கு, ரேட்டை ஒரு சதவீதம் ஏற்றியும் இறக்கியும் போட்ட இரண்டு ஓட்டங்கள். கடைசியாகச் சொன்ன இரண்டு ஓட்டங்களைத் தேதி முடிந்து இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள், தணிக்கையாளர் கேட்கும்போது மார்ச் 31 டேட்டாவைத் திரும்ப எடுத்துத் தர கணினிப் பிரிவுக்கு நேரம் இருக்காது.